பழத்தை அப்படியே உண்பதா, வேகவைத்து உண்பதா?

மாலை நேரத்தில் நோயாளிகளைப் பார்க்க வருவோரின் கைகளில் பெரும்பாலும் ஒரு பை இருக்கும். அதில் ஆப்பிள், சாத்துக்குடி, சில நேரம் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். நலம் விசாரிக்கச் செல்வோர் வெறுங்கையுடன் செல்லக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். பையைக் கட்டிலருகே வைத்துவிட்டு அவர்கள் விடைபெற்ற பின், நோயாளியுடன் தங்கியிருப்பவருக்கு ஓர் ஐயம் எழுகிறது. மறுநாள் காலை நாங்கள் நோயாளிகளைப் பார்க்க வரும்போது அது கேள்வியாக வெளிப்படுகிறது: “டாக்டர், இந்தப் பழங்களை அப்படியே கொடுக்கலாமா, வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டுமா?”

எளிய கேள்வியாகத் தோன்றினாலும் இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. யாருக்கு, எந்தப் பழம், எத்தனை நாளைக்கு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தே விடை சொல்ல வேண்டும். இவற்றுள் மூன்றாவதை நாங்கள் ஒருமுறை சொல்லத் தவறினோம். அதன் விளைவை முதலில் எழுதுகிறோம்.

ஒரு முதியவரின் பத்து மாதங்கள்

எழுபது வயதைக் கடந்த ஒருவர் கடுமையான வயிற்றுப்போக்குடன் எங்களிடம் அனுமதிக்கப்பட்டார். சில நாள்களில் தேறினார். வீடு திரும்பும்போது, “எதையும் பச்சையாக உண்ண வேண்டாம், எல்லாவற்றையும் நன்கு வேகவைத்தே உண்ணுங்கள்” என்று சொல்லி அனுப்பினோம். அந்த நேரத்திற்கு அது சரியான அறிவுரையே. ஆனால் அது எத்தனை நாளைக்கு என்று நாங்கள் கூறவில்லை, சீட்டிலும் எழுதவில்லை.

அவருடைய மருமகள் அந்த அறிவுரையை ஒரு நாளும் தவறாமல் கடைப்பிடித்தார். இட்லி, கஞ்சி, ரொட்டி, குழைந்த சோறு, பருப்பு ஆகியவையே முதியவரின் உணவாயின. பழம் என்று ஒன்று வேண்டுமே என்பதற்காக ஆப்பிளைத் தோல் சீவி, நெடுநேரம் நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு மசித்துக் கொடுத்தார். கொய்யாவும் சாத்துக்குடியும் எலுமிச்சையும் வயிற்றுக்கு ஆகாது என்று விலக்கப்பட்டன. கீரையும் அவ்வாறே விலக்கப்பட்டது.

பத்து மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தபோது ஈறுகள் வீங்கி இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கால்களில் நீலத் திட்டுகள் இருந்தன. மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு சிவப்புப் புள்ளிகள் தென்பட்டன. நடக்கவே இயலாத அளவுக்கு வலி. இரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று குடும்பத்தினர் அஞ்சினர். நாங்களும் அந்த வழியிலேயே பல பரிசோதனைகளைச் செய்தோம். அவற்றில் ஒன்றும் தென்படவில்லை. இறுதியில், அவர் அன்றாடம் என்ன உண்கிறார் என்று மருமகளிடம் விரிவாகக் கேட்டபோதுதான் காரணம் விளங்கியது. வைட்டமின் சி அறவே குறைந்துபோவதால் வரும் ஸ்கர்வி நோய் அது.

“நீங்கள் சொன்னபடிதானே செய்தோம், டாக்டர்” என்று அந்தப் பெண் கேட்டார். எங்களிடம் மறுமொழி இல்லை.

வெப்பம் எடுத்துக்கொள்வது

பழத்தில் உள்ள சத்துகளுள் வெப்பத்திற்கு எளிதில் இரையாவது வைட்டமின் சி. வெப்பம், காற்று, நீர் ஆகிய மூன்றும் அதற்குப் பகை. சூடுபட்டால் சிதைகிறது, காற்றுப்பட்டால் சிதைகிறது, நீரில் வேகவைத்தால் கரைந்து அந்த நீருக்குள் போய்விடுகிறது. ஃபோலிக் அமிலம் எனப்படும் பி வகை வைட்டமினும் ஏறத்தாழ இதே இயல்புடையது.

இந்த உண்மையை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. 1747ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வியால் வாடிய 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நாளுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவர் மற்றவர்களைவிட வியக்கத்தக்க விரைவில் தேறினர். மருந்து கையில் கிடைத்துவிட்டது. ஆனால் நீண்ட கடற்பயணத்தில் பழம் கெட்டுவிடும் என்பதால், சாற்றை மணிக்கணக்கில் சூடாக்கி வற்றவைத்துப் பாகாக்கிக் கொண்டுசெல்லலாம் என்று லிண்டே பரிந்துரைத்தார். பழத்தின் மணமும் புளிப்பும் அந்தப் பாகில் இருந்தன. நோயைத் தீர்க்கும் சத்து பெரும்பாலும் அழிந்துபோயிருந்தது. வைட்டமின் என்ற ஒன்று இருப்பதே எவருக்கும் தெரியாத காலம் அது. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு முறையாகக் கிடைக்கத் தொடங்கியது 1795இல்தான்.

எங்கள் முதியவரின் ஆப்பிளுக்கு நேர்ந்ததும் அதுவே. அங்கு இன்னொரு செய்தியும் உண்டு. 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி சுமார் 5 மில்லிகிராம் அளவே உள்ளது. அதே எடையுள்ள ஆரஞ்சில் 50 மில்லிகிராம் அளவு இருக்கிறது. கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் 200 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் தேவை. ஒரு நடுத்தரக் கொய்யாவில் பாதியே அந்தத் தேவையை நிறைவு செய்துவிடும். விலை உயர்ந்த ஆப்பிளை எத்தனை உண்டாலும் அந்த இடத்தை அதனால் நிரப்ப இயலாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. ஆப்பிளை வேகவைப்பதால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. அதில் இழப்பதற்கே அதிகம் இல்லை. கொய்யாவையும் நெல்லியையும் சாத்துக்குடியையும் அப்படியே உண்பதே முறை. வேகவைத்த ஆப்பிளை மட்டும் பழம் என்று நம்பியிருப்பதே தவறு.

வெப்பம் விட்டுவைப்பதும் கொடுப்பதும்

நார்ச்சத்து வெப்பத்தால் அழிவதில்லை, மென்மையாகிறது. ஆப்பிளில் உள்ள பெக்டின் என்னும் கரையும் நார், வேகும்போது இளகிக் கூழாகிறது. பொட்டாசியம் போன்ற தாதுகளும் அழிவதில்லை; நீரில் வேகவைத்தால் ஒரு பகுதி அந்த நீருக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. சர்க்கரையும் அப்படியே இருக்கிறது.

சில சத்துகளை வெப்பம் நமக்குக் கூடுதலாகவே எடுத்துத் தருகிறது. இதற்குச் சிறந்த சான்று, பழம் என்றே நாம் அழைத்தாலும் குழம்பில் மட்டும் நினைத்துப் பார்க்கும் தக்காளிப்பழம். அதன் சிவப்பு நிறத்துக்குக் காரணமான லைக்கோபீன், செல்சுவர்களுக்குள் இறுகப் பிணைந்திருக்கிறது. 1992இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில், தக்காளிச் சாற்றைச் சிறிது எண்ணெயுடன் கொதிக்கவைத்துக் குடித்தவர்களின் இரத்தத்தில் லைக்கோபீன் அளவு உயர்ந்தது. கொதிக்கவைக்காத சாற்றைக் குடித்தபோது அவ்வாறு உயரவில்லை. நம் வீடுகளில் தாளித்து வதக்கும் தக்காளித் தொக்கு, இந்த ஒன்றில் பச்சைத் தக்காளித் துண்டுகளை மிஞ்சிவிடுகிறது.

வேகவைப்பதன் மற்றொரு நன்மை தூய்மை. பழத்தின் தோலிலும், நறுக்கிய கத்தியிலும், கழுவிய நீரிலும் இருக்கும் கிருமிகள் வெப்பத்தில் அழிகின்றன. வேறு சிலருக்கு ஆப்பிள் போன்ற பழங்களை அப்படியே கடித்தால் உதடும் நாவும் அரிக்கும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இராது. அரிப்பைத் தூண்டும் புரதம் வெப்பத்தில் உருக்குலைவதே காரணம். எனினும் ஒவ்வாமைப் புரதங்கள் எல்லாமே வெப்பத்தில் அழிவதில்லை. பழம் உண்டதும் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தவர்கள் வேகவைத்துச் சோதித்துப் பார்க்கவே கூடாது.

யாருக்கு எது?

வயிற்றுப்போக்கிலிருந்து தேறுவோர், குடல் அறுவை சிகிச்சை முடிந்தோர். குடல் ஆறும் வரை தோலும் விதையும் நீக்கி வேகவைத்த பழமே ஏற்றது. நன்கு கனிந்த வாழைப்பழத்தை அப்படியே மசித்துக் கொடுக்கலாம். வேகவைத்த வாழைக்காய்க்கு இங்கே தனி இடம் உண்டு. வங்கதேசத்தின் டாக்காவில், விடாத வயிற்றுப்போக்கால் வாடிய கைக்குழந்தைகளுக்கு அரிசி உணவுடன் வேகவைத்து மசித்த வாழைக்காயைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2001இல் வெளியானது. அரிசி உணவு மட்டும் உண்ட குழந்தைகளைவிட அவர்கள் விரைவில் குணமடைந்தனர். சிறுகுடலில் செரிக்காமல் எஞ்சும் மாவுச்சத்து பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நல்ல நுண்ணுயிரிகளால் நொதித்து, குடல் நீரை உறிஞ்சத் துணைபுரியும் அமிலங்களாக மாறுவதே இதற்கு விளக்கம். ஆனால் இது நீரிழப்புக்கான உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கும் மருத்துவத்துக்கும் துணையே தவிர மாற்று ஆகாது.

பல் இழந்தோர், பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோர். கடினமான ஆப்பிள் துண்டு இவர்களுக்கு மூச்சுக்குழலை அடைக்கக்கூடிய பொருள். பழச்சாறு பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகின்றனர். விழுங்கும் தசைகள் வலுவிழந்தவருக்கு நீர்த்த சாறே எளிதில் நுரையீரலுக்குள் இறங்கும். வேகவைத்து மசித்த ஆப்பிளோ, கன்னியாகுமரிப் பகுதி வீடுகளில் செய்வதுபோல ஆவியில் அவித்து நடு நார் நீக்கிய நேந்திரம்பழமோ நல்லது. எந்தப் பதத்தில் தருவது என்பதை விழுங்கும் திறனைச் சோதித்த சிகிச்சையாளர் கூறுவார். சிறு குழந்தைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முழுத் திராட்சையை அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் பச்சைப் பழமும் காய்கறியும் அறவே கூடாது என்பது நெடுங்கால நடைமுறை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இரத்தப் புற்றுநோயாளிகள் 153 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு இதனைச் சோதித்தது. ஒரு சாராருக்கு வேகவைத்த உணவு மட்டும் தரப்பட்டது; மறு சாராருக்குப் பச்சைப் பழமும் காயும் சேர்த்துத் தரப்பட்டன. கடும் தொற்றின் அளவில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அவர்கள் காற்று வடிகட்டிய அறைகளில் இருந்தவர்கள். நம் வீட்டுச் சூழல் வேறு. கழுவும் நீரும் வேறு. ஆகவே நாங்கள் நடுவழியையே பரிந்துரைக்கிறோம். அணுக்கள் மிகக் குறைந்த நாள்களில் வாழைப்பழம், சாத்துக்குடி போன்ற தடித்த தோலுள்ள பழங்களை நன்கு கழுவி, வீட்டிலேயே உரித்து உடனே உண்ணலாம். ஆப்பிளை வேகவைத்துக்கொள்ளலாம். திராட்சை போல உரிக்க இயலாதவற்றைத் தள்ளிவைக்கலாம். அணுக்கள் மீண்டபின் வழக்கமான உணவுக்குத் திரும்பிவிட வேண்டும். வாயில் புண் உள்ளவர்களுக்குப் புளிப்புப் பழம் எரிச்சல் தரும். அவர்களுக்குக் கனிந்த பப்பாளி இதமாக இருக்கும்.

நீரிழிவு உள்ளோர். வேகவைத்தால் சர்க்கரை குறையும் என்று சிலர் நம்புகின்றனர், குறையாது. மாறாக, பழம் எவ்வளவு குழைகிறதோ அவ்வளவு விரைவாக உள்ளே போகிறது. 1977இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றில், ஒரே அளவு சர்க்கரையைத் தரும் முழு ஆப்பிள், ஆப்பிள் கூழ், ஆப்பிள் சாறு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். முழு ஆப்பிளைவிடச் சாறு 11 மடங்கு விரைவாக உட்கொள்ளப்பட்டது. முழு ஆப்பிளே அதிக நிறைவைத் தந்தது. சாற்றுக்குப் பின் இன்சுலின் மிகுதியாகச் சுரந்தது. பல் உறுதியாக உள்ள நீரிழிவு நோயாளி பழத்தைக் கடித்து மென்று உண்பதே நல்லது. வேகவைத்தே ஆக வேண்டுமென்றால் துண்டுகளாக வேகவைக்கலாம், மசிக்க வேண்டாம். சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் சேர்க்க வேண்டாம்.

சிறுநீரக நோயுள்ளோர். இவர்களுக்குக் கவலை பொட்டாசியம். ஆவியில் வேகவைத்தால் அது நீங்கிவிடும் என்பது தவறான எண்ணம். சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டினால் ஒரு பகுதி நீங்கும். ஆனால் வைட்டமின் சியும் அதனுடன் போய்விடும். அதைவிட, இயல்பிலேயே பொட்டாசியம் குறைந்த ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி ஆகியவற்றை உணவியல் நிபுணர் கூறும் அளவில் உண்பது எளிது. வாழைப்பழம், இளநீர், பேரீச்சை, உலர் திராட்சை ஆகியவற்றை அவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். வைட்டமின் சி மாத்திரையையும் தாமாக வாங்கி உண்ணக் கூடாது; மிகுந்தால் அது உடலில் ஆக்சலேட்டாகத் தேங்கும்.

வேகவைத்தாலும் மாறாதவை இரண்டு. நட்சத்திரப் பழத்தில் நரம்பைத் தாக்கும் நச்சு ஒன்று உண்டு. நலமான சிறுநீரகம் அதனை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் இயலாது. விக்கலில் தொடங்கி, வலிப்பு, நினைவிழப்பு என்று முற்றி உயிருக்கே ஊறு நேரலாம். சிறுநீரக நோயாளிகள் அதனை எந்த வடிவிலும் உண்ணலாகாது. அடுத்தது பம்பளிமாசும் அதன் இனமான கிரேப்ஃப்ரூட்டும். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் தரப்படும் சில மருந்துகள், கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள் ஆகியவற்றின் அளவை இப்பழங்கள் இரத்தத்தில் கூட்டிவிடும். வேகவைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணாமல், மருத்துவரைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

வேகவைக்கும் முறை

வேகவைக்க வேண்டிய தேவை இருப்பவர்கள் இழப்பைக் குறைத்துக்கொள்ள வழிகள் உண்டு. ஓடும் நீரில் முழுப் பழமாகக் கழுவி, அதன் பின்னரே நறுக்குங்கள், சோப்பு வேண்டாம். நீரில் மூழ்கவைப்பதைவிட இட்லிப் பானையில் ஆவியில் வைப்பது மேல். துண்டுகள் பெரிதாக இருக்கட்டும். முள்கரண்டி இறங்கும் பதம் வந்ததும் இறக்கிவிடுங்கள். தோலை வெந்த பிறகு நீக்கலாம். நீரில் வேகவைத்தால், சிறுநீரக நோயாளி அல்லாதோர் அந்த நீரையும் சேர்த்தே உண்ணலாம். செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் வேண்டாம். பழத்தின் புளிப்பு செம்பைக் கரைக்கும், செம்பு வைட்டமின் சியின் சிதைவை விரைவுபடுத்தும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக வேகவையுங்கள்.

அப்படியே உண்பவர்கள் வெளியில் நறுக்கி வைத்து விற்கும் பழத்துண்டுகளைத் தவிர்க்கட்டும். வீட்டில் நறுக்கியதையும் நெடுநேரம் திறந்து வைக்க வேண்டாம்.

எதுவரை?

அந்த முதியவருக்கு வைட்டமின் சி மாத்திரை கொடுத்தோம். சில நாள்களிலேயே ஈறுகளில் இரத்தக் கசிவு நின்றது. வலி குறைந்து எழுந்து நடமாடினார். நன்கு கனிந்த கொய்யாவின் விதையற்ற சதையையும் ஒரு சாத்துக்குடியையும் நாள்தோறும் தரும்படி மருமகளிடம் கூறினோம். அவர் சற்றுத் தயங்கி, “பச்சையாகவா?” என்று கேட்டார். “ஆம்” என்றோம். “எதுவரை?” என்று அடுத்துக் கேட்டார். பத்து மாதங்களுக்கு முன்பே நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய விடைக்கு உரிய கேள்வி அது.

வேகவைத்த பழம், நோயுற்ற காலத்தில் உடலுக்குத் தரும் ஓய்வு. அந்த ஓய்வுக்கு ஒரு தொடக்கம் இருப்பதுபோல ஒரு முடிவும் இருக்க வேண்டும். உடல் தேறியபின் பழத்தை அதன் இயல்பான வடிவில் உண்பதற்குத் திரும்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இப்போது எங்கள் துறையில் உணவுக் கட்டுப்பாடு எழுதும் ஒவ்வொரு சீட்டிலும், அது முடியும் தேதியையும் எழுதுகிறோம். உங்கள் சீட்டில் அந்தத் தேதி இல்லையென்றால், தயங்காமல் எங்களிடம் கேளுங்கள்.